பித்தளை இஞ்சினும் பழப்புளியும்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் பேச்சு ஓர் ஒழுங்கில்தான் போகும். முதலில் முழங்கால். பிறகு கொலஸ்ட்ரோல். பிறகு தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளைகள். இவ்வளவும் முடிந்து தேத்தண்ணி ஆறிய பிறகுதான் யாராவது ஒருத்தி, வந்த புதிதில் பட்ட பாட்டைத் தொடங்குவாள். உடனே எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். பட்ட பாட்டைச் சொல்வதில் எங்களுக்கு இருக்கிற சந்தோசம் வேறு ஆருக்கும் விளங்காது.

நீங்கள் சப்பாத்துக்குள் பிளாஸ்டிக் பை போட்டுப் பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்வீர்கள். முதல் பனியைச் சட்டியில் அள்ளி வந்து தாயிடம் ஏச்சு வாங்கிய கதையைச் சொல்வீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் என்னிடம் இருக்கிற பெரிய கதையை இதுவரை நான் உங்களுக்குச் சொன்னதில்லை. அதில் ஒரு ரயில் இஞ்சின் வருகிறது, என் அம்மா வருகிறார். அம்மா இருக்கிற இடத்தில் அதைச் சொல்ல முடியாது. அம்மா இல்லாத இடத்தில் சொன்னால் கோள் சொல்வதுபோல இருக்கும். போன மாதம் நடந்ததற்குப் பிறகு அந்தத் தடை போய்விட்டது. தேத்தண்ணியைச் சூடாக்கிக்கொண்டு வந்து இருங்கள், சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு செங்கல் வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். தெருவிலிருந்து வளைந்து மேலே ஏறும் இரும்புப் படிக்கட்டு உங்களுக்குத் தெரியும். உறைபனிக் காலத்தில் அதில் ஏறி இறங்கியவர்களுக்கு வேறு தேகப்பயிற்சி தேவையில்லை. கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் தனியாக இருந்தார். பெரிய தேகம், சின்னக் குரல். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மிசியே, பிரெஞ்சில் ஐயா, அவ்வளவுதான்.

அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்துச் சமையலறையில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா தையல் தொழிற்சாலையில் கால்சட்டைகளுக்கு இடுப்புப் பட்டி தைத்தார். நான் வீட்டுக் கதவின் திறப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை. பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமையே அதைத் தொலைத்துவிட்டு இரும்புப் படியில் குந்தியிருந்து அழுதேன். மிசியே கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, பாணில் கரும்புப் பாகைத் தடவித் தந்தார்.

அம்மா வந்து என்னைக் காணாமல் தெருவெல்லாம் ஓடி, கடைசியில் கீழ்வீட்டு யன்னலில் கண்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். ஆனால் அம்மாவின் கண் மிசியேயின் சமையலறைச் சுவரில் நின்றுவிட்டது. அங்கே யேசுவின் படம், அதற்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு மின்விளக்கு.

"சாமிக்கு விளக்கு வைச்சிருக்கிற மனுசன்," என்றார் அம்மா மேலே ஏறும்போது. "அந்த வீட்டில இருந்தால் பயமில்லை. ஆனால் பாணில கொழுப்பு ஏதும் பூசினவரோ எண்டு கேட்டனியோ?"

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் கீழ்வீடுதான். அந்த வீட்டு வாசனை இப்போதும் சில வேளை என்னைப் பிடித்து நிறுத்தும். மேப்பிள் விறகுப் புகை, பட்டாணி சூப், ஈரக் கம்பளி. பின்பக்கத்தில் ஒரு விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மிசியே வானொலியைச் சின்னச் சத்தத்தில் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு சீவுவார். என் பாட்டுக்கு நான் இருப்பேன். எங்கள் வீட்டில் அப்படிச் சும்மா இருக்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை.

இனி இஞ்சினுக்கு வருகிறேன்.

சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஓர் அலமாரி. அதன் மேல் ஒரு துண்டுத் தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் அந்த இஞ்சின். அம்மாவின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் இருக்கும். முழுக்கப் பித்தளை. நீராவி இஞ்சின்தான், ஆனால் புகைக்கூண்டும் குழாய்களும் துருத்திக்கொண்டு நிற்கிற இஞ்சின் இல்லை. காற்று வழுக்கிப் போவதற்காகத் தலை முதல் வால் வரை ஒரே சட்டையால் மூடிய இஞ்சின். முன்பக்கம் உருண்டு கூராகி, அதன் நடுவில் ஒற்றை விளக்கு. பார்த்த உடனே எனக்கு விரியாத வாழைப்பூ, வாழைப்பொத்திதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் போய் அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொத்தி.

சட்டையின் விளிம்பு நெடுகக் கடுகிலும் சின்ன ஆணித்தலைகள். இரண்டு பக்கத்திலும் மயிரிழை போன்ற கம்பியில் கைபிடி. மிசியே கண்ணாலேயே அனுமதி தந்த பிறகு ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பேன். சட்டைக்குக் கீழே பாதி மறைந்திருக்கும் சில்லுகள் உருள, அவற்றை இணைக்கும் தண்டு மேலே போய்க் கீழே வரும். சாரதியின் அறைக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு குட்டி இருக்கைகள், அடுப்புக்கு ஒரு கதவு. நகத்தால் நெம்பினால் அந்தக் கதவு திறக்கும். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த அடுப்பைத் திறந்து மூடுவதற்காகவே நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன். அதன் பிறகு கையை மணந்து பார்ப்பேன். பித்தளை மணம் இரவுச் சாப்பாடு வரை விரலில் நிற்கும்.

நிறத்தைக் கவனமாகச் சொல்லவேண்டும். அது மஞ்சள் இல்லை. நல்ல பனங்கட்டியின் நிறம். மூலைகளில் கறுத்து, வளைவுகளில் கொஞ்சம் சிவந்து இருக்கும். மிசியே அதைத் துணியால் துடைத்து நான் கண்டதில்லை. தூசி படிந்தால் குனிந்து வாயால் ஊதுவார். ஊதிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். மனுசனுக்குத் துடைக்கப் பஞ்சி, சோம்பல் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவுக்கும் அதே அபிப்பிராயம்தான், கொஞ்சம் இரக்கத்தோடு.

"பொம்பிளை இல்லாத வீட்டில பித்தளை அப்பிடித்தான் கிடக்கும், பாவம்," என்பார்.

மிசியேயின் மனைவி முந்தின வருடம்தான் இறந்திருந்தார். முன்னறைச் சுவரில் இருவருடைய படமும் இருந்தது. மனைவி சிரித்துக்கொண்டிருக்க, மிசியே தொப்பியும் பளபளக்கும் பொத்தான் வைத்த கோட்டுமாக விறைத்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துவிட்டு அப்பா தீர்ப்புச் சொன்னார், மனுசன் ரயில் ஓட்டியவர் என்று. அப்பாவின் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் மேன்முறையீடு கிடையாது. அந்த நாளில் ரயில் சாரதி என்றால் ராசா போல என்றும் சொன்னார். அதற்குப் பிறகு படியில் மிசியேயைக் கண்டால் அப்பா தொப்பியைக் கழற்றுவார்.

இலையெல்லாம் சிவந்து கொட்டத் தொடங்கிய நேரம் மிசியே வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டார். சத்திரசிகிச்சை என்றார்கள். கூட்டிக்கொண்டு போக மகள் வந்தார். உயரமான, அவசரக்காரப் பெண். வாசலில் காரை நிறுத்தி இஞ்சினை அணைக்காமலே நின்றார். மிசியே அந்த வலியிலும் ஒரு கதிரையில் இருந்துகொண்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். பின் ஒழுங்கைச் சந்தால் கள்ளர் வருவார்களாம், வீடு பூட்டிக் கிடக்குமாம், தான் வரும் வரைக்கும் இது மேலே இருக்கட்டுமாம். நான் ஒவ்வொன்றாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மகள் அலமாரியிலிருந்து பொத்தியைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

அந்த நேரத்து எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். வீடு வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்டவர்கள் எங்கள் முகத்தைக் கண்டதும் இல்லை என்பார்கள். கடைக்குள் போனால் பின்னால் ஒருவர் வருவார். இந்த ஊரில் எங்களை நம்பி ஒருவர் கையில் தந்த முதல் பொருள் அதுதான். அம்மா அன்று முழுக்கத் தரையில் கால் படாமல் நடந்தார். மிசியேக்கு ஏதாவது செய்யவேண்டும், செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குத் தோதாக நவராத்திரியும் வந்தது.

ஆயுத பூசைக்கு அவரவர் தொழில் சாமான் கும்பத்துக்கு முன்னால் இருக்கவேண்டும். அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அப்பாவின் மரக்கறிக் கத்தி, என் புத்தகங்கள். சின்ன வீடு என்றாலும் அந்த ஒழுங்கு தவறியதில்லை. அந்த வருடம் அம்மா நான்காவதாக ஒன்று வைக்கத் தீர்மானித்தார். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுசனின் தொழிலுக்கும் பூசை நடந்தால் அவர் எழும்பி நடந்துவிடுவார். ரயில் ஓட்டியவருக்கு ரயில். இதில் யார் பிழை கண்டுபிடிக்க முடியும்?

ஆனால் கறுத்த பித்தளையைச் சாமிக்கு முன்னால் வைப்பார்களா? எங்கள் வீட்டு மனுசிகளுக்கு அது நடவாத காரியம். பூசைக்கு முதல் நாள் குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் சமையலறை நிலத்தில் பழைய பத்திரிகையின் மேல் வரிசையாக வந்துவிடும். அம்மா பழைய பால்மாத் தகரப் பேணியிலிருந்து ஒரு பிடி பழப்புளியை எடுத்து ஊறப்போடுவார். சாம்பலுக்கு மட்டும் முதலில் திண்டாடினோம், மின்சார அடுப்பில் சாம்பல் ஏது? அதற்கு வழி கண்டவள் நான். மிசியே விழுவதற்கு முன்பே அவருடைய விறகடுப்பிலிருந்து ஒரு கிண்ணம் வாங்கி வந்திருந்தேன். எதற்கு என்று கேட்டார். விளக்கு மினுக்க என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னபோது தலையை ஆட்டினார். விளங்கியிருக்காது என்று நினைத்தேன்.

விளக்கெல்லாம் முடிந்து கடைசியாகப் பொத்தியின் முறை வந்தது. அம்மா அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மடியில் கிடத்திக்கொண்டார். புளியைப் பூசி, சாம்பலைத் தொட்டு, பழைய பற்தூரிகையால் ஆணித்தலை ஆணித்தலையாக உரஞ்சினார். தண்ணீர் கோப்பி நிறத்தில் ஓடியது.

"எத்தினை வருசத்து ஊத்தை, பார் பிள்ளை," என்றார்.

உரஞ்ச உரஞ்ச உள்ளேயிருந்து மஞ்சள் வந்தது. மூக்கு முதலில் வந்தது, பிறகு விளக்கு, பிறகு நீண்ட முதுகு. ஒரு பக்கத்துக் கைபிடிக் கம்பி அம்மாவின் பெருவிரல் அழுத்தத்தில் கொஞ்சம் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தப் பார்த்தார், முழுக்க வரவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை. நான் என் வாழ்நாளில் அதைவிட அழகான ஒன்றை அதுவரை கண்டதில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பூசையன்று கும்பத்துக்கு முன்னால் பொத்தி பொன்னாக நின்றது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். சில்லுகளுக்குக் கீழே நாலு எலுமிச்சம்பழம். அவல் கடலை வாங்க வந்த சனம் எல்லாம் அதைத்தான் பார்த்தது. அப்பா ஒவ்வொருவருக்கும் மிசியே ரயில் ஓட்டிய கதையை, தெரியாத இடங்களைத் தானே நிரப்பி, விவரமாகச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றார். யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

பூசை பலித்தது. மிசியே ஊன்றுகோலோடு திரும்பி வந்தார்.

அம்மா பொத்தியைத் தன் பட்டுச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் பின்னால் போனேன். மிசியே கதிரையில் இருந்தார், மகள் பக்கத்தில் நின்றார். அம்மா இஞ்சினை மேசையில் வைத்துச் சால்வையை மெதுவாக விலக்கினார். விலக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பரிசு கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளையைப் போல.

மிசியே பார்த்தார். கையை நீட்டி அதன் முதுகைத் தொட்டார். அந்தக் கை அப்படியே எழும்பி அவருடைய முகத்தை மூடிக்கொண்டது. பெரிய தோள்கள் குலுங்கின.

அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், மகள் பேசத் தொடங்கும் வரை. மகள் கத்தவில்லை. களைத்த குரலில் என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த இஞ்சின் தன் தாய் தகப்பனுக்குக் கொடுத்த பரிசு. கலியாணம் செய்த புதிதில் வாங்கியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேவாலயப் பூசையால் வந்ததும் தாய் ஒரு துண்டுத் துணியில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு அதைத் துடைப்பார். வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வந்தது அந்த நிறம். தாய் போன பிறகு தகப்பன் அதில் ஒரு துணிகூடப் படவிடவில்லை.

நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மாவின் சிரிப்பு போக ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"திரும்ப அந்த நிறம் கொண்டுவரலாமோ எண்டு கேள்," என்றார்.

கேட்டேன். மிசியே முகத்திலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டினார், இல்லை என்று.

பொம்பிளை இல்லாத வீட்டுப் பித்தளை என்று அம்மா இரக்கப்பட்டாரே, அந்தக் கறுப்பு முழுக்க ஒரு பொம்பிளையின் கை. இதை நான் என் கலியாணத்துக்குப் பிறகுதான் சரியாக யோசித்துப் பார்த்தேன். அந்த வயதில் எனக்கு விளங்கியதெல்லாம், இனிக் கீழே போக முடியாது என்பது மட்டும்தான்.

அன்றிலிருந்து கீழ்வீட்டு வானொலி கேட்கவில்லை. நாங்கள் மேலே நுனிக்காலில் நடந்தோம். பள்ளிக்கூடத்தால் வந்து மேலே தனியாக இருப்பேன். தரையில் காதை வைத்துப் படுப்பேன். ஊன்றுகோல் சத்தம் கேட்கும், நிற்கும். அலமாரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று நானாக முடிவு செய்துகொள்வேன்.

அப்பாவால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. அவர் மான அவமானக் கணக்கில் பெரிய ஆள். மிசியே கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறார், மகள் வந்து வெளியே போகச் சொல்லப்போகிறார், அதற்கிடையில் போய்விடவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

"இஞ்சேரும், மனுசன் வாய் திறந்து போ எண்டு சொன்னாப் பிறகு போறதில ஒரு மரியாதையும் இல்லை," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா மறுக்காமல் சாமானைக் கட்டத் தொடங்கினார். இந்த ஊரே ஜூலை முதலாம் திகதிதான் வீடு மாறும், அன்றைக்குத் தெருவெல்லாம் கட்டிலும் மெத்தையுமாக இருக்கும். நாங்கள் மட்டும் முதல் பனி விழுந்த ஒரு நாள், மிசியேயை மகள் ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போன நேரம் பார்த்து, சாமானை ஏற்றினோம். முகத்தைப் பார்க்காமல் போவதற்காக அப்பா தெரிந்தெடுத்த நேரம் அது. திறப்பைக் கதவுத் துவாரத்தால் உள்ளே போட்டார். அவசரத்தில் எத்தனையோ சாமான் விடுபட்டது. என் ஒரு காலுறை, குளிர்காலத் தொப்பி, சமையலறை அலமாரிக்குள் பால்மாப் பேணி.

பிறகு பார்க்-எக்ஸ்டென்ஷன், பிறகு தம்பி பிறந்தான், பிறகு வேறு வீடு, கடைசியில் தம்பி பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கினான். எல்லாருடைய கதையும்போலத்தான். ஆனால் இரண்டு விஷயம் எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. ஒன்று, அம்மா குத்துவிளக்கைப் பத்திரிகையில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டார். எவர்சில்வர் விளக்குத்தான் அன்றிலிருந்து. வந்து போகிற பெண்கள், வெளிநாட்டுக்கு வந்ததும் மினுக்கப் பஞ்சி பிடித்துவிட்டது என்று கதைத்தார்கள். அம்மா காதில் விழுத்தவே இல்லை. மற்றது, அந்தத் தெருவால் நாங்கள் போகமாட்டோம். அப்பா அப்படி ஒரு சட்டம் போட்டதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கடைக்குப் போனால் அம்மா ஒரு தரிப்பு முன்னாலேயே பஸ்ஸால் இறங்கி, இரண்டு கையிலும் பையோடு, பனிக்குள் சுற்றிப் போவார். நானும் பின்னால் போவேன். பெரியவளாகி நானே தனியாகப் போகும்போதும் கால் தானாகச் சுற்றித்தான் போகும். அப்பா கண்ணை மூடும் வரைக்கும் மிசியேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் பல் வைத்தியரிடம் போய்விட்டுப் பாதி வாய் விறைத்தபடி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மொன்றியலில் வீதி வேலைக்குச் செம்மஞ்சள் கூம்பு முளைக்காத தெரு ஏது? வழமையான பாதையைக் கிண்டி வைத்திருந்தார்கள். பஸ் திரும்பியது, இன்னொரு தரம் திரும்பியது. தலையைத் தூக்கிப் பார்த்தால் அந்தத் தெரு. அதே இரும்புப் படிக்கட்டு, வேறு நிறப் பூச்சு. கீழ்வீட்டு முன் யன்னலில், கண்ணாடியோடு ஒட்டித் தெருவைப் பார்த்தபடி, பொத்தி நின்றது.

மணியை அடித்து இறங்கிவிட்டேன். கதவைத் தட்டியதும் திறந்தவர் மகள். அந்த உயரமான அவசரக்காரியை இப்போது கண்டால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. எழுபது கடந்து, கூனி, மெதுவாக நடக்கிறார். மேல்வீட்டில் முன்பு இருந்த பிள்ளை என்று சொன்னேன். வாய் விறைப்பில் பாதிச் சொல் விழுந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இவ்வளவு காலமும் எங்கே போனீர்கள்?" என்றார். கோபமாகவே கேட்டார்.

உள்ளே கூட்டிப்போய், கோப்பி ஊற்றி வைத்து, அவர் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன்.

மிசியே சில நாள் அழுதது உண்மைதான். பிறகு ஒரு காலை, வெயில் அலமாரியில் விழுந்தபோது, அந்த இஞ்சின் கடையில் இருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம். மனைவி பெட்டியைத் திறந்து காட்டிய அந்த நாளைத் தான் மறந்துபோயிருந்ததாகச் சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு வந்த அன்றே ஊன்றுகோலோடு அந்த இரும்புப் படியில் ஒவ்வொன்றாக ஏறினார். எங்களிடம் பேசுவதற்காக. மேலே வீடு வெறுமையாகக் கிடந்தது. அலமாரிக்குள் பேணி மட்டும் இருந்தது. அதற்குள் கறுப்பாக, பிசுபிசுப்பாக, அன்று இஞ்சினில் அடித்த அதே புளித்த மணத்தோடு ஒன்று.

எங்களைத் தேடியிருக்கிறார். யாரிடம் கேட்பது? எங்கள் பெயரை அவரால் உச்சரிக்கக்கூட முடியவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த ஒரு வழியைச் செய்தார். இஞ்சினை அலமாரியிலிருந்து எடுத்துத் தெருப்பக்கம் பார்க்க யன்னலில் வைத்தார். மேல்வீட்டு ஆட்கள் என்றைக்காவது இந்தத் தெருவால் போவார்கள். அது மினுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டால் தனக்குக் கோபம் இல்லை என்று அவர்களுக்கு விளங்கும். அது கறுத்தால் விளங்காது. அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலமும் தானே அதை மினுக்கினார். பேணியில் இருந்தது தீரப்போனதும் கடைசித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பார்க்-எக்ஸ்டென்ஷன் கடைகளில் ஏறி இறங்கி, இது என்ன, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இறக்கும் வரைக்கும் வருடம் ஒரு கட்டிப் பழப்புளி வாங்கினார்.

நாங்கள் இருந்தது பார்க்-எக்ஸ்டென்ஷனில்தான். அம்மா புளி வாங்கியதும் அங்கேதான். அவர் அங்கே எங்களைத் தேடவில்லை, புளியைத் தேடினார். நாங்கள் இங்கே யன்னலைப் பார்க்காமல் சுற்றிப் போனோம்.

இன்னொன்றையும் மகள் சிரித்துக்கொண்டு சொன்னார். மிசியே ரயில் ஓட்டியவர் இல்லையாம். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறியவராம். ஓடுகிற ரயிலில் ஒரு துளி சிந்தாமல் சூப் கொண்டுபோவாராம். அப்படியென்றால் அம்மா அன்று கும்பத்துக்கு முன்னால் வைத்திருக்கவேண்டியது ஒரு தட்டு.

யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மிசியே இறந்து சில வருடமாகிவிட்டது, மகளுக்குக் கையில் மூட்டுவாதம், மினுக்க ஆளில்லை. மஞ்சள் மங்கி, மூலைகளில் மெல்லப் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பனங்கட்டி நிறத்துக்கு இன்னும் நெடுந்தூரம். ஒரு பக்கத்துக் கைபிடிக் கம்பி வளைந்தே இருந்தது, அம்மாவின் பெருவிரல் பட்ட இடம். நகத்தால் அடுப்புக் கதவை நெம்பினேன். திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அதை அப்படியே கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு வந்த ஆசையை என்ன சொல்ல? தாருங்கள் என்ற சொல் விறைத்த வாய்க்குள் நின்றது. கேட்கவில்லை. மூடிவிட்டுக் கையை மணந்து பார்த்தேன்.

மகள் எனக்குப் பின்னால் நின்று கேட்டார், இனி என்ன செய்யட்டும் என்று. மேல்வீட்டு ஆட்கள் வரும் வரைக்கும் மங்கவிடாதே என்று தகப்பன் சொல்லியிருந்தாராம். தன்னால் முடியாமல் போனது அவருக்கு மனக்குறை. நீங்கள் மினுக்கித் தருவீர்களா, இல்லாவிட்டால் உங்கள் அம்மா வருவாரா என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் நான் இல்லை. அந்த முன்னறையில் நின்றபடியே பியர்பொன்ட்ஸில் தம்பி வீட்டிலிருக்கும் அம்மாவுக்குப் போன் அடித்தேன். அம்மா வெகு நேரம் கழித்துத்தான் எடுத்தார். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். பிறகு தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றுபோலவே ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"வெறும் புளி மட்டும் போட்டவரோ, சாம்பலும் சேர்த்தவரோ?" என்று கேட்டார் அம்மா.

மகளிடம் கேட்டேன். முதல் வருடம் வெறும் புளிதான், பித்தளை பச்சை பிடித்ததாம். அடுத்த வருடம், சின்னப் பிள்ளை கிண்ணத்தோடு வந்து சாம்பல் கேட்டது நினைவு வந்து, அதையும் சேர்த்தாராம்.

"கெட்டிக்கார மனுசன்," என்றார் அம்மா. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பது எனக்குக் கேட்டது. "நாங்கள் ஒருக்கா அந்தத் தெருவால போயிருக்கலாம் பிள்ளை."

"ஓம் அம்மா."

"இப்ப என்ன நிறத்தில இருக்கு?"

மங்கிவிட்டது, கறுக்கத் தொடங்கிவிட்டது என்றேன். மகள் மினுக்கச் சொல்லிக் கேட்பதையும் சொன்னேன். என் அம்மாவை உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் கறுத்த செம்பைக் கண்டால் அடுத்தவர் வீட்டிலும் கைவைக்காமல் இருக்கமாட்டாதவர். புளி வாங்கிக்கொண்டு வா, நாளைக்கே வாறன் என்று சொல்வார் என்றுதான் காத்திருந்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லு," என்றார் அம்மா. "அவர் சொல்ல நினைச்சது எங்களிட்ட வந்திட்டுதுதானே. இனி ஒருத்தரும் அதில புளி போடவேண்டாம். அந்த மகள் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையில எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லு. தாயின்ர நிறம் திரும்பி வரட்டும்."